பாரம் ஏற்றிப் பார்க்காத ஹோஸ்

முப்பத்தெட்டு வருசம் கராஜில் கிடந்து எழும்பிய ஒருவனைப் பிடித்து, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டால், அவன் தன் கெட்டித்தனத்தைத்தான் எழுதுவான் என்று நினைப்பீர்கள். என் கெட்டித்தனம் முழுவதையும் எழுதினால் அரைத்தாள் வரும். அதிலும் பாதி பொய்யாக இருக்கும். பிழைகள் என்றால் கொப்பி கொப்பியாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சாண் நீளமான ரப்பர் குழாயைப் பற்றியது.

அந்தக் காலத்தில் எங்கள் குடாநாட்டுக் கொழும்புத்துறையில் எனக்கு ஒரு கராஜ் இருந்தது. கராஜ் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். நாலு பூவரசந் தூண், மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண். கடற்காற்றில் நட்டுக் கழற்றும் சாவிகள் துருப்பிடிக்காமல் இருக்க எல்லாவற்றையும் ஒரு வாளி கிறீசுக்குள் புதைத்து வைத்திருப்பேன். பதினாலாம் நம்பர் சாவி தேவைப்பட்டால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். பிரசவம் பார்ப்பது போலிருக்கும். அதைப் பார்த்தவர்கள்தான் எனக்கு ‘டொக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு சண்டையால் சாமான்களுக்குத் தடை வந்து, உதிரிப்பாகங்கள் கண்ணில் படாமல் போனபோது அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் எந்த நோய்க்கும் என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது: பழைய சைக்கிள் ரியூப். தண்ணீர்க் குழாய் வெடித்தால் ரியூப். எஞ்சின் இருக்கை ஆடினால் ரியூப். பிரேக் மிதிக்குத் திரும்பிவரச் சோம்பல் என்றால் அதற்கும் ஒரு துண்டு ரியூப்.

சண்டிலிப்பாயில் மணியண்ணை என்று ஒரு லொறிக்காரர் இருந்தார். சொந்த லொறி, தானே ஓட்டுவார். புகையிலையும் வெங்காயமும் ஏற்றுவார். சண்டை பெரிதாவதற்கு முன் கொழும்பில் வாங்கிய யப்பான் லொறி அது. டர்போ பூட்டியது. எங்கள் பக்கத்தில் அப்படி வேறொன்று இல்லாததால், அதைத் திருத்தத் தெரிந்தவனும் நான் ஒருவனே என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

டர்போ என்பது எஞ்சினுடைய வாய்க்குள் காற்றைத் திணிக்கும் விசிறி என்று உங்களுக்குத் தெரியும். திணித்த காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் குழாய்தான் நான் சொல்லும் ஹோஸ். அது வெடித்தால் லொறி கறுப்புப் புகை கக்கும், இழுவை போய்விடும். இப்போது எனக்கும் தெரியும். முதல்முறை அந்த ஹோஸ் கிழிந்து லொறி புகைத்துக்கொண்டு வந்தபோது, எஞ்சின் முடிந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். இரண்டாம் நாள் மணியண்ணையின் மனைவி பரமேசக்கா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். நான் எஞ்சினை உறும வைத்துவிட்டு வியாதியைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, கையை ஒரு பக்கமாக நீட்டினார்.

"தம்பி, உதுக்குள்ளால காத்து வருது. என்ரை சீலைத் தலைப்புப் பறக்குது பாரும்."

ஹோசின் அடிப்பக்கத்தில் நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மணியண்ணை சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பரமேசக்கா பாடுபடவில்லை. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், "என்ன டொக்டர், எத்தினை எஞ்சினை அறுத்துப் போட்டீர்?" என்றுதான் கேட்பார். நானும், "உங்கடை சீலைத் தலைப்பை ஒருக்கால் இரவல் தாங்கோவன் அக்கா" என்பேன்.

அந்தமுறை கொழும்பிலிருந்து புது ஹோஸ் எடுத்துப் போட்டோம். இரண்டாம் முறை வெடித்தபோது கொழும்புக்கே பாதை இல்லை.

தரைப்பாதை பூட்டி, சனம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. இருட்டினால்தான் வள்ளங்கள் வெளிக்கிடும். ஆனால் பின்னேரம் நாலு மணிக்குமுன் துறைக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். பதியாதவருக்கு அன்றைக்கு இடமில்லை. லொறிகள் டீசலைக் கண்டு கனகாலம். மண்ணெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்து ஓடின. அந்த எண்ணெய் ஆவி எல்லா ரப்பரையும் ஊற வைத்து, பழைய தோசை மாதிரி ஆக்கிவிடும். மணியண்ணையின் ஹோசும் அப்படித்தான் போனது.

லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் இறங்காமல் இருந்தார். வழக்கத்தில் இறங்கி முதலில் வெற்றிலை போடுகிறவர்.

"தம்பி, பரமேசுவை நாளைக்குக் கிளாலிக்குக் கொண்டுபோகவேணும். வயித்துக்கை கட்டியாம். இஞ்சை செய்யேலாதெண்டு பெரியாஸ்பத்திரியில துண்டு எழுதித் தந்திட்டினம். கொழும்பில வெள்ளிக்கிழமை வெட்டுறதெண்டு நாள் வைச்சிருக்கு."

"அக்கா என்னட்டை ஒருக்காலும் சொல்லேல்லையே" என்றேன்.

"ஆரிட்டையும் சொல்லேல்லை. இப்பதான் எனக்கே சொன்னவ."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை காலை. புதன் பின்னேரம் துறை, விடிய அக்கரை, வியாழக்கிழமை எப்படியோ கொழும்பு. நடுவில் ஒருநாளும் மிச்சமில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த ஹோசுக்குச் சரியான வைத்தியம் என்ன என்று எனக்குத் தெரியும். ஊறிப்போன நடுத்துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அதே வாயளவுள்ள இரும்புக் குழாய் ஒன்றை நடுவில் கொடுத்து, நல்ல ரப்பர் இருக்கிற இரண்டு நுனியையும் அதன்மேல் ஏற்றி, பக்கத்துக்கு இரண்டு கிளிப்பாக இறுக்க வேண்டும். அளவான குழாய் தேடி அரைநாள் அலைய வேண்டும். சைக்கிள் ரியூப் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எண்ணெய் பட்டால் ரியூப் இளகும் என்றும் தெரியும். ஒரு பயணத்துக்குத்தானே என்று நினைத்தேன். ஏழு சுற்றுச் சுற்றி, மேலே மீன்வலைக் கயிற்றால் நெருக்கமாக வரிந்து கட்டினேன். பார்க்க வடிவாக இருந்தது. நானே இரண்டுதரம் தள்ளி நின்று பார்த்தேன்.

டர்போ வெறும் லொறியில் நித்திரை கொள்ளும். பாரம் ஏறினால்தான் அது முழுக்காற்றையும் திணிக்கும். மலைநாட்டுக்காரன் ஒரு ஏற்றத்தில் ஏறிப் பார்த்துவிடுவான். எங்கள் குடாநாட்டில் ஏற்றம் என்றால் பாலங்களின் முதுகுதான். ஆகவே எங்களுக்கு வழி ஒன்றுதான்: லொறி நிறையக் கல்லோ மணலோ ஏற்றி, புதைகிற இடத்தில் இழுத்துப் பார்ப்பது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் வேண்டும். நான் வெறும் லொறியை அரை மைல் ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பினேன். புகையில்லை. பூனைக்குட்டி மாதிரி வந்தது.

மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அன்றைக்கு வீட்டில் கணவாய்க் கறி. விடிய வள்ளத்திலிருந்து நேரே வந்த கணவாய். பிந்திப் போனால் மைத்துனன் சட்டியை வழித்துவிடுவான்.

மத்தியானம் திரும்பிவந்த மணியண்ணை ஹோசைத் தடவிப் பார்த்தார்.

"ஏத்திப் பாத்தனியோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு இடிக்கவில்லை, நாக்குப் புரளவில்லை. பசி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். வழியில் ஏதும் என்றால் என்று அவர் கூப்பிட்டார். பின்னுக்குப் புகையிலைச் சிப்பங்கள். அதன்மேல் அக்கரைக்குப் போகிற இருபது, இருபத்தைந்து சனம், அவர்களின் பெட்டி படுக்கை. முன்னுக்கு மணியண்ணை, யன்னல் பக்கம் பரமேசக்கா, நடுவில் நான். அக்கா நன்றாக மெலிந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஆஸ்பத்திரித் துண்டு. பள்ளம் வந்தால் பையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தார்.

"டொக்டர், கொழும்பு டொக்டர்மாரும் உம்மைப் போலத்தானோ? முழுக்கக் கழட்டிப்போட்டுப் பிறகுதான் தேடுவினமோ?"

"சீலைத் தலைப்பு எங்கை பறக்குதெண்டு நீங்களே காட்டிவிடுங்கோ அக்கா."

"என்னை மயக்கிப்போடுவினமே. ஆர் காட்டுறது?"

மணியண்ணை ரோட்டைப் பார்த்தபடி, "கதையாமல் வாங்கோ ரெண்டு பேரும்" என்றார். நாவற்குழிப் பாலம், சாவகச்சேரி, கொடிகாமம். தார் ரோட்டில் லொறி நன்றாகவே போனது. கணவாய்க் கறியையும் விடவில்லை, லொறியும் ஓடுகிறது என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

கொடிகாமம் தாண்டிக் கிளாலிப் பக்கம் போகப் போகத் தார் முடிந்து மணல் தொடங்கியது. மணியண்ணை கியரைக் குறைத்து மிதித்தார். இருநூறு யார் போயிருக்க மாட்டோம். ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு பெரிய பாம்பு சீறுகிற மாதிரி ஒன்று. பின்னால் கறுப்புப் புகை. லொறி இரண்டுதரம் முக்கிவிட்டு மணலில் குந்திவிட்டது. அப்போது மூன்று மணி. துறைக்கு இன்னும் இரண்டு மைல்.

நான் குதித்து இறங்கி முன்மூடியைத் திறந்தேன். ஏழு சுற்று ரியூபும் கறுப்புக் களிமண் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?" என்று மணியண்ணை கேட்டார்.

"பத்து நிமிசம்" என்றேன்.

பிள்ளைகள், இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். மேலே இருந்த சனம் ஐந்து நிமிசம் பார்த்துவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் சரியான முடிவை எடுத்தார்கள். அந்தப் பாதையால் நிமிசத்துக்கு ஒரு சைக்கிள் போனது. சிப்பங்களை இறக்கி எறிந்துவிட்டு வெறும் லொறியை ஊர விட்டிருக்கலாம். எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ஓட்டையும், அதைக் கட்டிய என் பெயரும்தான்.

பையிலிருந்த ரியூபைச் சுற்றினேன். சூட்டில் ஒட்டவில்லை. அண்டர்வெயாருடன் நின்றுகொண்டு இடுப்பில் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துச் சுற்றினேன். பரமேசக்கா அந்த வேதனையிலும் முகத்தை அங்கால் திருப்பிச் சிரித்தார். எஞ்சினைப் போட்டு மிதித்தவுடன் சாரம் பறந்தது. கம்பியால் வரிந்தேன். கம்பி ஊறின ரப்பரை வெட்டியது.

அப்போது ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். கரியரில் ஒன்றும் இல்லாமல் துறைப் பக்கம் போகிறவர். நடுத்தர வயது.

"அண்ணை, அக்காவுக்கு ஏலாது போல கிடக்கு. நான் கரியரில இருத்தி மெல்லமா உருட்டிக்கொண்டு போகட்டோ? உங்கைதான் போறன்."

மணியண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கு எஞ்சின் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார்.

"வேண்டாம் அண்ணை. கரியரில குலுங்கி அவவுக்கு நோகும். பத்து நிமிசம்தான்" என்றேன் நான்.

அந்த மனுசன் பரமேசக்காவைப் பார்த்தார். அவர் பையை மடியில் சரிப்படுத்திக்கொண்டு, "டொக்டர் சொல்லுறார். இருப்பம்" என்றார். சிரித்துக்கொண்டு, பகிடியாகத்தான் சொன்னார். சைக்கிள் போய்விட்டது.

அந்தப் பத்து நிமிசத்தை நான் நாலுதரம் சொன்னேன். கடைசியில் கிழிந்த இடத்துக்குள்ளே ஒரு பால்மா ரின்னைத் தட்டி உருட்டிக் கொடுத்து, மேலே கம்பி கட்டி, மணியண்ணை தனியாகவே பாதிச் சிப்பங்களை இறக்கி, லொறி அசைந்தபோது நாலரை தாண்டிவிட்டது. துறைக்குப் போய்ச் சேர ஐந்து. எங்கள் லொறியிலிருந்து இறங்கி நடந்து போன சனம் பெயர் பதிந்துவிட்டு, கரையில் இருந்து பாண் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

பெயர் பதிகிறவர் நல்ல மனுசன்தான். ஆஸ்பத்திரித் துண்டை வாங்கி இரண்டுதரம் வாசித்தார்.

"அம்மா, வள்ளமெல்லாம் நிரம்பிப்போச்சு. கூட ஏத்தினால் தாழும். நாளைக்கு வாங்கோ, முதலாவதாப் போடுறன்."

அந்த ‘நாளைக்கு’ வள்ளம் ஓடவில்லை. அன்றைய வள்ளங்கள் அக்கரை சேர்ந்த பிறகு கடலில் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு இருபது நாளுக்கு மேல் ஒருவரும் போகவில்லை.

திரும்பி வரும்போது பரமேசக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நான் சாரமில்லாமல், யாரோ தந்த துவாயைக் கட்டிக்கொண்டு, அசையாமல் இருந்தேன். இறங்கும்போது அவர் விழித்து, "உமக்குப் புதுச் சாரம் ஒண்டு கடன்" என்றார்.

பாதை திறந்ததும் அவர்கள் போனார்கள், வேறு யாருடைய வானிலோ. கொழும்பில் புதிதாக நாள் வாங்க இன்னும் ஒரு மாதம் எடுத்ததாம். வெட்டித் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்களாம். பரமேசக்கா அங்கேயே முடிந்துபோனார். அங்கேயே எரித்துவிட்டு, மணியண்ணை அதே துணிப்பையுடன் தனியாக வந்தார்.

செத்தவீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். வேளைக்குப் போயிருந்தால் தப்பியிருப்பாவோ என்று.

"டொக்டர்மாரிட்டைக் கேட்டனான். சொல்லேலாது எண்டினம்."

அந்தச் ‘சொல்லேலாது’ என்ற சொல்லோடு இவ்வளவு வருசமும் இருக்கிறேன். இல்லை என்றிருந்தால் நித்திரை கொண்டிருப்பேன். ஓம் என்றிருந்தால் கராஜை மூடியிருப்பேன். அது இரண்டுக்கும் விடவில்லை.

ஆறேழு மாதத்தால் அந்த லொறி திரும்பவும் என் கராஜுக்கு வந்தது. இடையில் யாரோ கட்டிவிட்ட ஹோஸ், திரும்பவும் புகை. இந்தமுறை மூன்று நாள் அலைந்தேன். இடிந்துபோன ஒரு வீட்டின் கிணற்றடியில் அளவான இரும்புக் குழாய் கிடைத்தது. வெட்டி, விளிம்பை அராவி, இரண்டு நுனியிலும் இரண்டிரண்டு கிளிப் போட்டு இறுக்கினேன். மணியண்ணை வந்து பார்த்தார். நான் வேலிக்கரையில் குவித்து வைத்திருந்த மதில் கற்களைக் காட்டி, "ஏத்திப் பாப்பம் அண்ணை" என்றேன்.

"என்னத்துக்கு? நீ சரியெண்டாச் சரிதானே."

பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறப் போனார்.

"அண்ணை, அண்டைக்கு நான் ஏத்திப் பாக்கேல்லை."

"எண்டைக்கு?"

"கிளாலிக்குப் போன அண்டைக்கு. ஓமெண்டு பொய் சொன்னனான்."

ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்.

"ஏன்?"

என்னால் அப்போது எத்தனையோ காரணம் சொல்லியிருக்க முடியும். மண்ணெண்ணெய் இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை. ஊர் நம்பியிருக்கும்.

"பசி. வீட்டை கணவாய்க் கறி" என்றேன்.

வாழ்க்கை முழுக்கப் பகிடி விட்ட வாயால் அதைச் சொல்லும்போது, உண்மையும் பகிடி மாதிரித்தான் கேட்டது. அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. காலைக் கீழே வைத்தார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். வேலிக்கரைக்குப் போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து லொறிக்குள் போட்டார். பிறகு இன்னொன்று. நானும் தூக்கினேன். இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் கல் ஏற்றினோம். அவர் கை கிழிந்து இரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

லொறியைக் கிழக்கு அரியாலை மணலுக்குக் கொண்டுபோனார். புதையவிட்டு மிதித்தார். திரும்பவும் புதையவிட்டு மிதித்தார். எஞ்சின் கத்தியது, சக்கரம் மணலை வாரி எறிந்தது, லொறி வெளியே வந்தது. நாலுதரம் அப்படி. ஹோஸ் அசையவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, இறங்கி முன்மூடியைத் திறந்து ஹோசைத் தடவினார்.

"உது போட்டிருந்தா அண்டைக்குத் தாங்கி நிண்டிருக்கும்" என்றார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். சண்டையில் ஊரோடு எல்லோரும் இடம்பெயர்ந்து அலையும் வரைக்கும் வந்தார். வேறு லொறிக்காரரிடம் என் வேலையை நல்லதென்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். ஆனால் வேலை முடிந்ததும் லொறியை எடுத்துக்கொண்டு போவார். ஒரு மணித்தியாலத்தால் திரும்பி வருவார். பின்பெட்டி விளிம்பு வரைக்கும் கல் இருக்கும். எங்கேயோ தனியாக நின்று ஏற்றியிருப்பார். எஞ்சினை நிற்பாட்டாமல், யன்னலால் தலையை நீட்டி, "நிக்குது" என்பார். அவ்வளவுதான். ஏற்றிப் பார்த்தாயா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னைக் கேட்கவில்லை.